துப்பாக்கியை விற்றுவிட்டு ஏங்கும் வேட்டைக்காரர்கள்!

அவசரத்துக்கு நகையை விற்றவர்கள் உண்டு. நிலத்தை விற்றவர்கள் உண்டு. கையில் பணம் வந்தால் வேறு நகை வாங்கலாம். வேறு நிலம் வாங்கலாம்.

விற்றபிறகு எவ்வளவு பணம் கொடுத்தாலும் திரும்ப வாங்க முடியாத பொருளும் உண்டு. "எங்கள் துப்பாக்கி அப்படிப்பட்டது" என்கிறார்கள் அமெரிக்க வேட்டைக்காரர்கள்.

எல்லாத் துப்பாக்கியும் அல்ல. தனக்கென்று சொல்லி, தன் கைக்கும் தோளுக்கும் அளவு பார்த்துச் செய்துகொண்ட துப்பாக்கி. அதிலும் "ஒயில்ட்கேட்" என்று பெயர் பெற்ற துப்பாக்கி. அதை விற்றவர்கள் 20 ஆண்டு, 30 ஆண்டு கழித்தும் அதைப் பற்றியே பேசுகிறார்கள். "என் வாழ்க்கையில் செய்த முட்டாள்தனம்" என்று தலையில் அடித்துக்கொள்கிறார்கள்.

கடையில் வாங்கியதை விற்றவர்கள் இந்த அளவுக்கு வருந்துவது இல்லை. இதற்கு மட்டும் ஏன் இந்த ஏக்கம்?

காட்டுப்பூனை

"ஒயில்ட்கேட்" என்றால் காட்டுப்பூனை. வேட்டைக்காரர்கள் பேச்சில் அது ஒரு தோட்டாவின் பெயர். எந்தத் தொழிற்சாலையும் செய்யாத, எந்தக் கடையிலும் கிடைக்காத தோட்டா எதுவோ அது காட்டுப்பூனை. வீட்டில் வளராத பூனை போல, தொழிற்சாலையில் பிறக்காத தோட்டா!

தோட்டாவில் 4 பகுதிகள் உண்டு. பித்தளைக் கூடு ஒன்று. அதன் அடியில் கேப்பு. உள்ளே மருந்து. வாயில் குண்டு. விசையை இழுத்ததும் கேப்பு பொறி தட்டுகிறது. மருந்து எரிந்து, குண்டைத் தள்ளுகிறது. குண்டு போய்விடும், பித்தளைக் கூடு துப்பாக்கியிலேயே இருக்கும். அதை எடுத்துக் கழுவி, புதுக் கேப்பு, புது மருந்து, புதுக் குண்டு வைத்து மறுபடியும் சுடலாம்.

அமெரிக்காவில் இப்படி வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் ஏராளம். காசு மிச்சம் என்று தொடங்கி, அதுவே பொழுதுபோக்காகிவிடும்.

அதற்கு அடுத்த படிதான் காட்டுப்பூனை. "30-06" என்று ஒரு தோட்டா. குழாயின் உள் குறுக்களவு அங்குலத்தில் நூற்றில் 30 பங்கு; அமெரிக்க ராணுவம் 1906-ல் எடுத்துக்கொண்டது; அதனால் அந்தப் பெயர். இதன் கூட்டை எடுத்து, இரும்பு அச்சுக்குள் அழுத்தி, கழுத்தைக் குறுக்கிவிடுவார்கள். இப்போது அதில் சிறிய குண்டுதான் நுழையும். மருந்து அதே அளவு. குண்டின் எடை குறைவு. ஆகவே வேகம் கூடும். தூரத்தில் நிற்கும் மானுக்கும் குறி தப்பாது.

கழுத்தைக் குறுக்குவதற்குப் பதில் விரிப்பவர்களும் உண்டு. கூட்டின் சரிந்த தோளை நிமிர்த்தி, உள்ளே இடம் கூட்டுகிறவர்களும் உண்டு.

தோள் நிமிர்த்தும் வேலையில் பெரிய பெயர் எடுத்தவர் பார்க்கர் ஆக்லி. 1903-ல் பிறந்து 1989-ல் இறந்தவர். துப்பாக்கிக் குழாய் செய்வதில் வல்லவர். கொலராடோ மாநிலத்தில் டிரினிடாட் ஊரில் பட்டறை வைத்திருந்தார். அங்குள்ள கல்லூரியில் மாணவர்களுக்கு அந்தத் தொழிலைக் கற்றும் கொடுத்தார். அவர் திருத்திய தோட்டாக்களை இன்றும் அவர் பெயரைச் சேர்த்தே சொல்கிறார்கள்.

அறையும் கூடும்

தோட்டாவை மாற்றினால் போதாது. துப்பாக்கியையும் மாற்ற வேண்டும். குழாயின் பின்பக்கம், தோட்டா உட்காரும் அறையை அந்தப் புது உருவத்துக்கு ஏற்பக் குடைய வேண்டும். அதற்கு "ரீமர்" என்ற உளி வேண்டும். அந்த ரீமரும் தனியாகச் செய்ய வேண்டியதுதான்.

லேத் பட்டறையில் வேலை பார்க்கிறவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஒரே ரீமரால் குடைந்தாலும் இரண்டு அறைகள் அப்படியே ஒன்றாக இருப்பது இல்லை. அங்குலத்தை ஆயிரம் பங்கு செய்தால் ஒன்று, இரண்டு பங்கு வித்தியாசம் இருக்கும்.

புதுத் தோட்டாவை முதல்முறை சுடும்போது, வெடியின் அழுத்தத்தில் பித்தளைக் கூடு விரிந்து, அறையின் சுவரோடு ஒட்டி, அதன் அச்சாகவே ஆகிவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தக் கூடு அந்த ஒரு துப்பாக்கிக்கே பொருந்தும். செருப்பு, போட்டு நடந்தவன் காலுக்குப் பழகுவது போல!

எனவே, காட்டுப்பூனைத் துப்பாக்கி என்பது தனிப் பொருள் அல்ல. துப்பாக்கி, ரீமர், அச்சுகள், கூடுகள் எல்லாம் சேர்ந்த ஒரு குடும்பம்.

ஒரு தொழிலாளியின் கதை

இந்தத் துப்பாக்கிகளைப் பணக்காரர்கள் மட்டும் வைத்திருப்பதாக நினைத்துவிடக்கூடாது. பட்டறைத் தொழிலாளிகள், லாரி ஓட்டுகிறவர்கள், பள்ளி ஆசிரியர்கள், குமாஸ்தாக்கள் எல்லாம் மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்துச் செய்துகொள்கிறார்கள்.

பென்சில்வேனியா மாநிலத்தில் ஒரு லேத் தொழிலாளி என்று வைத்துக்கொள்வோம். பெயர் எதுவாக வேண்டுமானாலும் இருக்கட்டும். இவரைப்போல அங்கே பலர் இருக்கிறார்கள்.

அங்கே நவம்பர் கடைசியில் மான் வேட்டை தொடங்கும். வேட்டை தொடங்கும் நாளுக்காகப் பல பள்ளிக்கூடங்களில் விடுமுறை விடும் வழக்கம்கூட உண்டு. அப்பா, பிள்ளை, மாமா, மருமகன் எல்லோரும் காட்டுக்குப் போவார்கள். கோடைக்காலத்தில், புல் வயல்களில் வளை தோண்டிக் கெடுக்கும் "கிரவுண்ட்ஹாக்" என்ற பெரிய அணில் வகைப் பிராணியைச் சுடுவார்கள்.

நம் தொழிலாளி 1985-ல் ஒரு துப்பாக்கி செய்துகொள்ள ஆசைப்படுகிறார். பழைய "மாசர்" ராணுவத் துப்பாக்கி ஒன்றை வாங்குகிறார். அதன் போல்ட்டும் உடம்பும் மட்டும் போதும், மற்றதெல்லாம் புதிது. குழாய் ஓரிடத்தில் வாங்குகிறார். வால்நட் மரக்கட்டையை வேறிடத்தில் தேடிப் பிடிக்கிறார். கட்டையின் ரேகை பிடி அருகே நேராக ஓட வேண்டும்; இல்லாவிட்டால் பிளந்துவிடும். பின்பக்கம் ரேகை சுழி சுழியாக இருந்தால் அழகு.

துப்பாக்கி செய்பவர் அவரை நிற்கவைத்து அளவு எடுக்கிறார். தோளுக்கும் விசைக்கும் எவ்வளவு தூரம்? கழுத்து நீளமா, குட்டையா? தடித்த கோட்டு போட்டுச் சுடுவாரா? தையல்காரர் சட்டைக்கு அளவு எடுப்பது போலத்தான். அப்படிச் செய்த துப்பாக்கியைக் கண்ணை மூடிக்கொண்டு தோளில் தூக்கிவைத்து, கண்ணைத் திறந்தால், பார்வை நேராகக் குறியில் நிற்கும்!

வேலை முடிய ஓர் ஆண்டு ஆகலாம். இரண்டு ஆண்டும் ஆகலாம்.

நோட்டுப் புத்தகம்

துப்பாக்கி கைக்கு வந்ததும் வேலை முடிந்துவிடுவது இல்லை. அப்போதுதான் தொடங்குகிறது.

கடைத் தோட்டாவுக்கு மருந்து அளவு அட்டவணையில் இருக்கும். காட்டுப்பூனைக்கு அப்படி நம்பகமான அட்டவணை கிடைப்பது அரிது. அவரே கண்டுபிடிக்க வேண்டும். மருந்தை "கிரெயின்" கணக்கில் நிறுப்பார்கள். ஒரு பவுண்டுக்கு 7 ஆயிரம் கிரெயின். நம் ஊர்க் குன்றிமணியில் ஏறக்குறையப் பாதி எடை. குறைந்த அளவில் தொடங்கி, அரை கிரெயின் அரை கிரெயினாக ஏற்றிச் சுட்டுப் பார்க்க வேண்டும். கூட்டின் அடியில் கேப்பு தட்டையாகிறதா, போல்ட்டு இறுகுகிறதா என்று ஒவ்வொரு வெடிக்கும் பார்க்க வேண்டும். மீறினால் ஆபத்து. துப்பாக்கியே வெடித்துவிடும்.

இவ்வளவும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஏறும். என்ன மருந்து, எத்தனை கிரெயின், என்ன குண்டு, காற்று எப்படி, 100 கெஜத்தில் 5 குண்டுகள் எவ்வளவு நெருக்கமாக விழுந்தன என்று தேதிவாரியாக எழுதி வைப்பார். ஒருநாள், 5 குண்டும் ஒரு அங்குலத்துக்குள் விழும். அந்தப் பக்கத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைப்பார்.

பல கோடைகளின் உழைப்பு அந்தக் கோட்டில் இருக்கிறது. அந்தத் துப்பாக்கியில்தான் மகன் முதல் மானைச் சுடுகிறான். அந்தத் தேதியும் நோட்டில் இருக்கிறது.

விற்பனை

பிறகு ஏன் விற்கிறார்?

காரணங்கள் நமக்குத் தெரிந்தவைதான். மனைவிக்கு ஆபரேஷன். பட்டறையில் ஆட்குறைப்பு. பிள்ளையின் கல்லூரிச் சம்பளம். வீட்டுக் கடன். சிலருக்கு வயதாகித் தோள் வலிக்கிறது, சுட முடியவில்லை. வேறு சிலர், "புது மாடல் வந்திருக்கிறது" என்ற ஆசையில் பழையதைத் தள்ளிவிடுகிறார்கள். அவசியத்துக்கு விற்றவர்களுக்காவது ஒரு சமாதானம் இருக்கிறது. ஆசைக்கு விற்றவர்களுக்கு அதுவும் இல்லை.

விலை பேசும்போதே முதல் அடி விழும். செய்துகொள்ள ஆயிரக்கணக்கில் டாலர் செலவழித்திருப்பார். ஆனால் வாங்க வருகிறவன், "இதற்குத் தோட்டா கடையில் கிடைக்காதே" என்கிறான். கட்டை வேறொருவர் தோளுக்குச் செய்தது. சொல்லிச் செய்த காட்டுப்பூனை, பெரும்பாலும் செலவில் பாதிகூடத் தேறாது. கடையில் வாங்கிய சாதாரணத் துப்பாக்கி அதைவிடச் சுலபமாக விலை போகும்!

பணம் ஆஸ்பத்திரிக்கோ, கல்லூரிக்கோ போய்விடுகிறது. அதில் வருத்தம் இல்லை. மனைவி பிழைத்தார், பிள்ளை படித்தான். துப்பாக்கி அதற்கு உதவியது என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்.

அடுத்த நவம்பர் வருகிறது. சுவரில் இருந்த இடம் காலியாக இருக்கிறது. கடனாக வாங்கிய துப்பாக்கியோடு காட்டுக்குப் போகிறார். தோளில் வைத்தால் பார்வை குறியில் நிற்கவில்லை. கழுத்தை வளைத்துத் தேட வேண்டியிருக்கிறது. அந்த ஒரு நொடியில் மான் போய்விடுகிறது.

அப்போதுதான் வருத்தம் தொடங்குகிறது.

திரும்ப வாங்க முடியாதா?

"கையில் பணம் வந்ததும் அதையே திரும்ப வாங்கிவிடலாமே?" என்று கேட்கலாம். பலர் முயன்று பார்க்கிறார்கள். முதல் தொல்லை, அது எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பது.

அமெரிக்காவில் 1968-ம் ஆண்டுச் சட்டப்படி, உரிமம் பெற்ற வியாபாரிகள் வாங்கியது, விற்றது எல்லாவற்றையும் நம்பரோடு புத்தகத்தில் எழுத வேண்டும். ஆனால் அந்தப் புத்தகம் குற்றப் புலன் விசாரணைக்கு உதவுமே தவிர, பழைய சொந்தக்காரர் போய்க் கேட்டால் காட்டமாட்டார்கள். நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடும் கிடையாது. துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பெயர்ப் பட்டியலை மத்திய அரசு தயாரிக்கக்கூடாது என்று 1986-ல் வந்த சட்டம் தடுக்கிறது. பல மாநிலங்களில் ஒரே மாநிலத்துக்காரர்கள் இருவர் தங்களுக்குள் விற்று வாங்கினால், எழுத்தில் எதுவும் இருக்காது.

ஆகவே, யாருக்கு விற்றாரோ அவரிடம் போய்க் கேட்க வேண்டும். அவர் இன்னொருவருக்கு விற்றிருப்பார். அவர் இறந்திருப்பார். அவர் பிள்ளை வேறு மாநிலத்தில் இருப்பார். தடம் அங்கே நின்றுவிடும்.

தேடிக் கண்டுபிடித்தாலும் இரண்டாவது தொல்லை காத்திருக்கிறது. அதிவேகத் தோட்டா, குழாயை அரித்துவிடும். ஆயிரம், ஆயிரத்து ஐந்நூறு வெடியிலேயே குழாய் தேய்வது உண்டு. வாங்கியவர் பழைய குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு, கடைத் தோட்டா போடக்கூடிய சாதாரணக் குழாயை மாட்டியிருப்பார். தன் தோளுக்கு ஏற்பக் கட்டையையும் அறுத்திருப்பார்.

நம்பர் அதேதான். ஆனால் அந்தத் துப்பாக்கி இப்போது இல்லை!

"அதேபோல இன்னொன்று செய்துகொள்ளலாமே?" செய்யலாம். செய்தவர்களும் உண்டு. ஆனால் பழைய துப்பாக்கி செய்பவர் இறந்திருப்பார். பழைய நோட்டின் கணக்கு புதுக் குழாய்க்கு ஒத்துவராது. முதலிலிருந்து தொடங்க வேண்டும். மகன் முதல் மானைச் சுட்டது இந்தப் புதுத் துப்பாக்கியில் அல்ல.

பூனை வீட்டுக்கு வந்த கதை

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நல்ல காட்டுப்பூனைகளைத் தொழிற்சாலைகள் பின்னாளில் பிடித்துக்கொண்டுவந்து வளர்ப்பது உண்டு.

1920-ல் பிறந்தது "25-06". அரை நூற்றாண்டு காலம் காட்டுப்பூனையாகவே திரிந்தது. 1969-ல் ரெமிங்டன் தொழிற்சாலை அதைக் கடைத் தோட்டாவாகச் செய்யத் தொடங்கியது. "22-250" என்ற தோட்டாவை 1965-ல் அதே தொழிற்சாலை ஏற்றது. 1922-ல் தோன்றிய "35 வீலன்", 1988-ல்தான் கடைக்கு வந்தது. 66 ஆண்டுகள்!

"இதற்குத் தோட்டா கிடைக்காது" என்று சொல்லி அடிமாட்டு விலைக்குத் தள்ளியவர்கள், பின்னர் அதே தோட்டா கடைகளில் அடுக்கியிருப்பதைப் பார்த்தார்கள். தோட்டா வந்துவிட்டது. துப்பாக்கி வரவில்லை.

விற்கிறவர் கவனிக்க வேண்டியது

வருத்தம் ஒருபுறம் இருக்க, இதில் உயிர்ப் பிரச்சினையும் இருக்கிறது. பித்தளைக் கூட்டின் அடியில் தொழிற்சாலை பொறித்த எழுத்து அப்படியே இருக்கும். "30-06" என்று பொறித்த கூடு, உண்மையில் வேறு தோட்டாவாக மாறியிருக்கும். வாங்கியவர் எழுத்தை நம்பித் தவறான தோட்டாவைப் போட்டுச் சுட்டால், முகத்துக்கு எதிரே வெடிக்கலாம். ஆகவே குழாயின் மேல் சரியான பெயரைப் பொறிக்க வேண்டும் என்பது இத்தொழிலில் முதல் பாடம்.

பெயர் பொறிக்காத துப்பாக்கி, உரியவர் இறந்தபின் விதவையின் கைக்கு வருவது உண்டு. அது என்ன தோட்டாவுக்கு உரியது என்று யாருக்கும் தெரியாது. அப்போது ஒரு தந்திரம் செய்வார்கள். கொதிக்கும் நீரின் சூட்டைவிடக் குறைந்த சூட்டிலேயே உருகும் ஓர் உலோகக் கலவை உண்டு. அதை உருக்கித் தோட்டா அறைக்குள் ஊற்றி, ஆறியதும் எடுத்து அளந்து பார்ப்பார்கள்.

அனுபவசாலிகள் சொல்லும் யோசனை இதுதான்: விற்காமல் இருக்க முடிந்தால் விற்காதே. விற்றே ஆகவேண்டும் என்றால், அச்சு, கூடு, நோட்டு எல்லாவற்றையும் சேர்த்துக் கொடு. தெரிந்தவருக்கு, முடிந்தால் உறவினருக்குக் கொடு. "நீ விற்பதாக இருந்தால் என்னிடம் முதலில் சொல்" என்று ஒரு வார்த்தை வாங்கிக்கொள்.

நம் நாட்டில்

நம் நாட்டில் நிலைமை வேறு. ஆயுதச் சட்டம் 1959-ல் வந்தது. உரிமம் இல்லாமல் துப்பாக்கியைத் தொட முடியாது. வீட்டில் வைத்துக் குழாயை மாற்றுவதும், அறையைக் குடைவதும் குற்றம். சொந்தத் துப்பாக்கியை உரிமம் உள்ள இன்னொருவருக்கு விற்பதாக இருந்தால்கூட, முன்கூட்டி அதிகாரிகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு 45 நாள் காத்திருக்க வேண்டும்.

வேட்டையும் போய்விட்டது. புலி வேட்டைக்கு 1970-ல் தடை வந்தது. 1972-ல் வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1991-ல் வந்த திருத்தம், பொழுதுபோக்கு வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்தது. மிருகங்கள் தப்பின, அது நல்லதே.

ஆனால் பிரிவு வருத்தம் இங்கேயும் உண்டு. ஒருவர் 3 துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று இருந்த சட்டத்தை, 2019 டிசம்பரில் திருத்தி 2 ஆகக் குறைத்தார்கள். மூன்றாவதை ஓர் ஆண்டுக்குள் போலீஸ் நிலையத்திலோ, உரிமம் பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டியிருந்தது. தாத்தா வைத்திருந்தது, அப்பா வைத்திருந்தது, தான் வாங்கியது என்று மூன்று இருந்தால், எதைக் கொடுப்பது? விலை பார்த்தால் ஒரு கணக்கு. மனம் பார்த்தால் வேறு கணக்கு.

மேஜை டிராயரில்

பென்சில்வேனியாத் தொழிலாளிக்குத் திரும்புவோம்.

துப்பாக்கி போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. ஒருநாள் வேறு எதையோ தேடும்போது மேஜை டிராயரில் ஒரு பெட்டி அகப்படுகிறது. விற்ற அவசரத்தில் கொடுக்க மறந்தது. உள்ளே இரண்டு அச்சுகள். 20 பித்தளைக் கூடுகள். அந்த ஒரு துப்பாக்கியின் அறையில் வெடித்து, அதன் உருவத்தை எடுத்துக்கொண்ட கூடுகள்.

உலகத்தில் வேறு எந்தத் துப்பாக்கிக்கும் அவை சரியாகப் பொருந்தா. பழைய பித்தளைக்காரனுக்குப் போட்டால் காப்பிக் காசுகூடத் தேறாது.

அவர் ஒரு கூட்டை எடுத்துத் துணியால் துடைக்கிறார். பெட்டியில் வைத்து மூடுகிறார். டிராயரைச் சாத்துகிறார்.

தூக்கி எறிந்துவிடவில்லை. எறியவும் மாட்டார்.